கை நீட்டினால் கிடைக்கட்டும்: தையல் மூலைக்கு ஒரு குயில்ட் சுவர்ப்பை

மெஷின் முன் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். ரவிக்கை தைக்க ஒரு மணி நேரம் என்றால், இன்ச் டேப்பைத் தேடக் கால் மணி நேரம். சாக் கட்டி துணிக்கு அடியில் கிடக்கும். பாபின் உருண்டு பீரோவுக்குக் கீழே போயிருக்கும். கத்தரிக்கோலை யாரோ பால் பாக்கெட் வெட்ட எடுத்துப் போயிருப்பார்கள்.

இந்த அத்தியாயத்தில், மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டும் பை ஒன்றைத் தைக்கப் போகிறோம். 24 இன்ச் அகலம், 32 இன்ச் உயரம். மேல்பகுதியில் வண்ணக் கட்டங்கள், கீழ்ப்பகுதியில் மூன்று வரிசையாக 15 பைகள். மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்று மூன்று அடுக்கை ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதுதான் குயில்ட். இதற்கு மேல் தத்துவம் எதுவும் வேண்டாம். நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷினிலேயே முடித்துவிடலாம். மூன்று மதியப்பொழுது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள், பிறகு துணி

நான் முதன்முதலில் தைத்த சுவர்ப்பை பார்க்க லட்சணமாக இருந்தது. எல்லாப் பைகளும் ஒரே அளவு, ஒரே வரிசை. மாட்டிய அன்றே கத்தரிக்கோல் தலைகுப்புற விழுந்தது. பாபின் பையின் அடியாழத்தில் போய் ஒளிந்துகொண்டது. ஆறு மாதத்தில் நடுப்பகுதி தொட்டில் போலத் தொய்ந்தது. துணியை அளந்தேனே தவிர, உள்ளே வைக்கப்போகும் பொருளை அளக்கவில்லை.

அதனால் துணியைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்:

1. தைக்கும்போது கை அடிக்கடி தேடும் பொருள்களை மட்டும் மேஜையில் பரப்புங்கள். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்கு இங்கே இடம் கிடையாது; அது டப்பாவில் இருக்கட்டும்.
2. ஒவ்வொன்றின் நீளம், அகலம், பருமனைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோவுக்குள் இருப்பது நல்லது. தாண்டினால் பெரிய நூல்கண்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள்.
4. கனமானவை கீழ் வரிசைக்கு, சின்னஞ்சிறியவை மேல் வரிசைக்கு என்று பிரியுங்கள்.

கீழே தரும் அளவுகள் 8 இன்ச் கத்தரிக்கோலுக்குப் பொருந்தும். உங்களுடையது 10 இன்ச் கத்தரி என்றால், கீழ்ப்பகுதித் துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் 2 இன்ச் நீளமாக வெட்டி, மேல் இரண்டு பை வரிசைகளை 2 இன்ச் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

தேவையானவை

- கட்டங்களுக்கு: ரவிக்கை, சுடிதார் தைத்து மிஞ்சிய பருத்தி வெட்டுத்துணிகள்
- கீழ்ப்பகுதிக்கு: 44 இன்ச் பன்னா பருத்தித் துணி, 60 செ.மீ.
- பைகளுக்கும் கம்பிக் குழலுக்கும்: சற்றுக் கெட்டியான பருத்தி, 1 மீட்டர்
- அடித்துணிக்கு: காடா அல்லது பாப்ளின், 1 மீட்டர்
- ஓரப்பட்டிக்கு: 30 செ.மீ.
- நடுத்துணிக்கு: பழைய பருத்திப் போர்வை, அல்லது கடையில் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு
- மெஷின் ஊசி 14, 16 நம்பர்களில் இரண்டிரண்டு
- ஊக்கு 50, குண்டூசி, சாக் கட்டி, நூல் பிரிக்கும் கருவி
- அரை இன்ச் திரைச்சீலைக் கம்பி, 27 இன்ச் நீளம். திருகு கொக்கி 3

குறிப்பு: நடுத்துணிக்கு ஸ்பாஞ்ச் வாங்காதீர்கள். அது ஃபுட்டின் கீழ் ஒட்டிக்கொண்டு நகராது, தையல் ஒரு இடத்திலேயே குவியும். துவைத்துத் துவைத்து மெலிந்த போர்வைதான் இதற்கு மிகவும் தோது. சுருங்க வேண்டியதெல்லாம் முன்பே சுருங்கியிருக்கும்.

துணியைத் தயார் செய்தல்

1. எல்லாத் துணிகளையும் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவையுங்கள். புதுத் துணியை அப்படியே தைத்தால், முதல் சலவையில் ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. கட்டங்கள் இழுத்துக்கொள்ளும்.
2. சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணித் துண்டை வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி அலசுங்கள். மூன்றாவது அலசலிலும் ஏறினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். கருஞ்சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் இப்படி ஏமாற்றும்.
3. லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

பட்டு, பாலியஸ்டர் புடவைத் துண்டுகள் மினுமினுப்பாக இருக்கும், ஆனால் வழுக்கும். முதல் முயற்சியில் பருத்தியோடு நில்லுங்கள். சுங்குடி, கண்டாங்கி போன்ற பருத்திப் புடவைகளின் நைந்து போகாத பகுதிகள் இதற்கு அருமையானவை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வெட்டும் அளவுகள்

தையலுக்கு விடும் ¼ இன்ச்சையும் சேர்த்தே இந்த அளவுகள்:

- கட்டங்கள்: 4½ × 4½ இன்ச், 18 துண்டுகள்
- கீழ்ப்பகுதி: 24½ அகலம் × 20½ உயரம், ஒன்று
- நடுத்துணி, அடித்துணி: 28½ × 36½, ஒவ்வொன்று
- ஓரப்பட்டி: 2½ இன்ச் அகலத்தில் 44 இன்ச் நீளப் பட்டிகள், 4
- கம்பிக் குழல்: 11½ × 7, இரண்டு

பைகளுக்கான துணியை இப்போது வெட்டவே வேண்டாம். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு அகலம் கால் இன்ச், அரை இன்ச் குறையும். அப்போது உண்மையான அகலத்தை அளந்து வெட்டினால்தான் பைகள் சரியாக உட்காரும். பலர் எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டி அடுக்கிவிட்டு, பிறகு பைத்துணி பொங்குகிறதே என்று முழிப்பது இதனால்தான்.

கட்டம் வெட்ட: பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் 4½ இன்ச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணியில் வைத்து, ஓரம் இழையோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, சாக்கால் வரைந்து வெட்டுங்கள். பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை அட்டையை மறுபடி அளந்து பாருங்கள். கத்தரி உரசி உரசி அதன் ஓரமும் தேய்ந்திருக்கும்.

மேல்பகுதி: கட்டங்களை இணைத்தல்

1. 18 துண்டுகளையும் தரையில் 6 பத்தி, 3 வரிசையாக அடுக்குங்கள். அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறி மாறி வரட்டும். செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டு துண்டுகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை இடம் மாற்றுங்கள்.
2. மெஷினில் 14 நம்பர் ஊசி, இன்ச்சுக்கு 10 தையல் விழும்படி வையுங்கள்.
3. ஊசி முனையிலிருந்து வலதுபுறம் சரியாக ¼ இன்ச் அளந்து, மெஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசியபடி போக வேண்டும்.
4. தேவையில்லாத இரண்டு கட்டங்களைச் சோதனைக்கு இணைத்து அளங்கள். 8½ இன்ச் வர வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிக்குச் சற்று அருகே ஒட்டுங்கள்.
5. முதலில் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 6 கட்டங்களை இணையுங்கள். முதல் வரிசையின் தையல் ஓரங்களை வலதுபுறமும், இரண்டாம் வரிசையினதை இடதுபுறமும், மூன்றாவதை மறுபடி வலதுபுறமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள்.
6. வரிசைகளை இணைக்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த அந்த ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் மேடு தட்டாது. அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும்.
7. கடைசியில் கீழ்ப்பகுதித் துணியை இதன் அடியில் இணையுங்கள். மொத்தம் 24½ × 32½ இன்ச் இருக்க வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு: "அரைக்கால் இன்ச்தானே" என்று விடுவது. ஒரு தையலில் இரண்டு துண்டிலும் அரைக்கால் அரைக்கால் கூடுதலாகப் பிடித்தால், அங்கே கால் இன்ச் போகும். ஒரு வரிசையில் ஐந்து தையல். முடிவில் ஒன்றேகால் இன்ச் காணாமல் போயிருக்கும். கீழ்த்துணியோடு இணைக்க உட்காரும்போதுதான் அது தெரியவரும்.

மூன்று அடுக்கைச் சேர்த்தல்

1. மின்விசிறியை நிறுத்துங்கள். இந்த ஒரு வேலைக்கு வியர்த்தாலும் பரவாயில்லை.
2. துடைத்த தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். சுருக்கம் போகுமளவு மட்டும் இழுத்தால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி சுருண்டுகொள்ளும்.
3. மேலே நடுத்துணி. அதன் மேல் கட்டத்துணி, நல்ல பக்கம் மேலே பார்த்தபடி நடுவில் வரட்டும். சுற்றிலும் 2 இன்ச் மிச்சம் தெரியும்.
4. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவுங்கள்.
5. நடுவில் தொடங்கி, கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள். ஊக்கின் முனை மூன்று அடுக்கையும் தொட்டு மேலே வர வேண்டும். இரண்டு கட்டங்கள் சேரும் கோட்டில் குத்தாதீர்கள்; அங்கேதான் தைக்கப் போகிறோம்.
6. டேப்பைப் பிரித்து, திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடித்துணியில் சுருக்கம் தெரிந்தால் சோம்பல்படாமல் ஊக்கை எடுத்து மறுபடி செய்யுங்கள். இந்தச் சுருக்கம் தைத்த பிறகு போகவே போகாது.

தையல் ஓட்டுதல்

1. 16 நம்பர் ஊசிக்கு மாறுங்கள். தையலை இன்ச்சுக்கு 7 அல்லது 8 ஆக்குங்கள். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.
2. மிஞ்சிய துணியில் மூன்றடுக்கு மாதிரி செய்து நான்கு வரி ஓட்டிப் பாருங்கள். அடியில் நூல் கொக்கி கொக்கியாகத் தொங்கினால், மேல்நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்து, டென்ஷனைச் சற்று இறுக்குங்கள்.
3. முதல் வரி நடுவில் விழட்டும். கட்டங்கள் சேரும் நடுக்கோட்டின் பள்ளத்திலேயே மேலிருந்து தைத்து, அதே நேர்கோட்டில் கீழ்ப்பகுதியின் கடைசி வரை போங்கள். கீழ்ப்பகுதியில் முன்பே சாக்கால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.
4. பிறகு அதற்கு வலதுபுறக் கோடு, இடதுபுறக் கோடு என்று ஓரம் நோக்கி நகருங்கள். எல்லாக் கோடுகளும் மேலிருந்து கீழாகவே போகட்டும். ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் வந்தால் இடையில் துணி சாய்ந்து முறுக்கிக்கொள்ளும்.
5. நெடுக்குக் கோடுகள் முடிந்ததும், கட்டங்களின் குறுக்குக் கோடுகளையும், கட்டப்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேரும் கோட்டையும் ஓட்டுங்கள்.
6. ஊக்கு வரும் இடத்துக்கு ஒரு சாண் முன்பே நிறுத்தி ஊக்கை எடுங்கள். எடுத்ததை உடனே டப்பாவில் போடுங்கள்.

கையால் தைக்க விரும்பினால்: மெஷின் பழக்கமில்லாதவர்கள் இரட்டை நூலில் ஓட்டுத்தையல் போடலாம். வங்காளத்துக் காந்தா பெரும்பாலும் இந்தத் தையலில்தான் நிற்கிறது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்ற போர்வையைப் பழந்துணியில் தைக்கிறார்கள். அவர்கள் வெளி ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாம் ஊக்குக் குத்தி முடித்துவிட்டதால், நடுவிலிருந்து வெளியே போவதே நமக்குப் பாதுகாப்பு.

முடிந்ததும் நான்கு ஓரங்களையும் சதுரம் பார்த்து வெட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோணல் இல்லை.

பைகள்: வேலையின் இதயம்

இப்போது அகலத்தை அளங்கள். நமது கணக்கில் அது 24½ இன்ச். உங்களுக்கு 24 என்று வந்தால், கீழே உள்ள ஒவ்வொரு நீளத்திலும் அரை இன்ச் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைவை ஓரப் பைகள் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும்.

- மேல் வரிசை: 24½ × 7½
- நடு வரிசை: 24½ × 10½
- கீழ் வரிசை: 28½ × 12½

பைத்துணியின் நீளம், துணியின் கரை ஓடும் திசையில் வரும்படி வெட்டுங்கள். அந்தத் திசையில் துணி அதிகம் இழுபடாது. பையின் வாய் நாளடைவில் தொங்கிப் போகாது.

*மேல் வரிசையும் நடு வரிசையும்*

1. துணியை நீளவாக்கில், நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, நீள ஓரத்தில் ¼ இன்ச் தையல் போடுங்கள். குழாய் போல வரும். அதைத் திருப்பி இஸ்திரி போடுங்கள். மேல் வரிசை 3½ இன்ச், நடு வரிசை 5 இன்ச் உயரம் இருக்கும்.
2. மடிப்புப் பக்கம்தான் பையின் வாய். அதிலிருந்து ¼ இன்ச் தள்ளி ஒரு தையல் ஓட்டுங்கள். வாய்க்கு இது வலு.
3. சுவர்ப்பையின் கீழ் ஓரத்திலிருந்து 8¼ இன்ச்சில் ஒரு கோடு, 15¼ இன்ச்சில் ஒரு கோடு போடுங்கள். நடு வரிசையின் அடி முதல் கோட்டிலும், மேல் வரிசையின் அடி இரண்டாம் கோட்டிலும் உட்காரட்டும்.
4. அடி ஓரத்தில் இரட்டைத் தையல் போடுங்கள். இருபுற ஓரங்களையும் சும்மா ஒரு தையலில் பிடித்து வையுங்கள். அவை ஓரப்பட்டிக்குள் மறைந்துவிடும்.
5. பிரிப்புத் தையல்: மேல் வரிசையை 4 இன்ச் வீதம் 6 பைகளாக்குங்கள். முன்பு ஓட்டிய நெடுக்குத் தையல்களே வழி காட்டும். நடு வரிசையை 4, 4, 4, 6, 6 என்று 5 பைகளாகப் பிரியுங்கள்.
6. பிரிப்புத் தையலை அடியிலிருந்து வாய் நோக்கிப் போடுங்கள். வாய்க்கு வந்ததும் ரிவர்ஸ் போட்டு, அரை இன்ச் தூரத்துக்கு மறுபடி ஒருமுறை அதன் மேலேயே ஓட்டுங்கள். கை விட்டு எடுக்கும்போது முதலில் பிரிவது இந்த இடம்தான்.

*கீழ் வரிசை*

நூல்கண்டுக்குப் பருமன் உண்டு. தட்டையான பையில் அதைத் திணித்தால் பின்துணி இழுபடும். அதனால்தான் இந்தத் துணியை 4 இன்ச் கூடுதலாக வெட்டியிருக்கிறோம்.

1. நீளவாக்கில், நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, வாயில் ¼ இன்ச் தள்ளித் தையல் ஓட்டுங்கள்.
2. இடமிருந்து 7¼, 14¼, 21¼ இன்ச்சில் பைத்துணியில் கோடு போடுங்கள். சுவர்ப்பையில் 6¼, 12¼, 18¼ இன்ச்சில் கோடு போடுங்கள்.
3. கோட்டோடு கோடு பொருத்திக் குண்டூசி குத்தி, முதலில் பிரிப்புத் தையல்களைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு இன்ச் துணி பொங்கி நிற்கும்.
4. அந்தப் பொங்கலைப் பையின் அடியில் இரு ஓரமும் கால் இன்ச் மடிப்பாக மடக்கி, குண்டூசி குத்தி, அடி ஓரத்தோடு சேர்த்துத் தையுங்கள். வாய் மட்டும் விரிந்து நிற்கும்.

கத்தரிக்கோலுக்குத் தனிக் கவனம்: கீழ் வரிசையில் கடைசிப் பையின் அடியில், தைக்கும் முன்பே 4 இன்ச் ரெக்ஸின் துண்டு ஒன்றை உள்ளே மடித்து வைத்துத் தைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தரி முனை சில மாதத்தில் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். பையின் வாய்க்கு மேலே உள்ள 2 இன்ச் இடைவெளியில் ஒரு நாடாவைத் தைத்து, மறுமுனையில் டிச் பட்டன் வையுங்கள். கத்தரியின் வளையத்துக்குள் நாடாவை விட்டுப் பட்டனைப் போட்டால், இடித்தாலும் கத்தரி விழாது.

ஊசிமெத்தை: 4 இன்ச் வட்டத் துணியைச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கி, இலவம் பஞ்சை இறுக்கி அடைத்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை வைத்து மூடித் தையுங்கள். மூடி இல்லையென்றால் குண்டூசி மெத்தையைத் தாண்டிப் போய், எடுப்பவர் கையில் குத்தும். டிச் பட்டனால் கட்டப்பகுதியின் ஓரத்தில் பொருத்திக்கொண்டால், தைக்கும்போது கழற்றி மேஜைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கம்பிக் குழலும் ஓரப்பட்டியும்

குழலை முதலில் பொருத்துங்கள். ஓரப்பட்டி தைத்த பிறகு குழலின் ஞாபகம் வந்தால், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

1. இரண்டு குழல் துண்டுகளின் குட்டை ஓரங்களையும் கால் கால் இன்ச்சாக இரண்டு முறை மடித்துத் தையுங்கள். நீளம் 10½ இன்ச் ஆகும். நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள்.
2. சுவர்ப்பையின் பின்பக்கம், மேல் ஓரத்தோடு ஓரமாக இரண்டையும் வைத்துப் பிடித்துத் தையுங்கள். நடுவே ஒன்றரை இன்ச் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில்தான் மூன்றாவது கொக்கி கம்பியைத் தாங்கும். என் முதல் பை தொய்ந்தது இந்த நடுக்கொக்கி இல்லாததாலும்தான்.
3. ஓரப்பட்டித் துண்டுகளின் முனைகளைச் சாய்வாக இணைத்து ஒரே நீளமாக்கி, நீளவாக்கில் மடித்து இஸ்திரி போடுங்கள். ஓரம் நேராக இருப்பதால் கிராஸ் வெட்டு தேவையில்லை.
4. பட்டியின் ஒரு முனையை அரை இன்ச் உள்ளே மடித்து, கட்டப்பகுதியின் பக்கவாட்டில் தொடங்கி, முன்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து ¼ இன்ச்சில் தையுங்கள்.
5. மூலைக்கு ¼ இன்ச் இருக்கும்போது நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு வெளியே எடுங்கள். பட்டியை நேராக மேலே மடித்தால் மூலையில் சாய்வு விழும். அப்படியே கீழே மடக்கி, அடுத்த ஓரத்தோடு ஒட்டி மறுபடி தொடங்குங்கள்.
6. கீழ் மூலைகளில் அடுக்கு அதிகம். அங்கே மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக நகர்த்துங்கள்.
7. சுற்றி வந்ததும் கடைசி முனையை, தொடக்கத்தில் மடித்த முனைக்குள் செருகித் தையுங்கள். பட்டியைப் பின்பக்கம் திருப்பி, தையல் தெரியாதபடி கையால் ஹெம்மிங் செய்யுங்கள்.
8. குழலின் கீழ் மடிப்பை அரை இன்ச் மேலே தள்ளி வைத்து, அடித்துணியோடு மட்டும் கையால் தையுங்கள். இந்தத் தளர்ச்சியில் கம்பி உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் மேடு தட்டாது.

சுவரில் மாட்டுதல்

1. மெஷினில் உட்கார்ந்தபடி கையை நீட்டுங்கள். விரல் எட்டும் இடம்தான் நடு வரிசைக்கு உரிய இடம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இந்த வசதியை விட்டுக்கொடுத்து, கீழ் ஓரம் தரையிலிருந்து 4 அடிக்கு மேல் இருக்கும்படி மாட்டுங்கள். நாற்காலியையும் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.
2. நீளமான காகிதத்தில் 25 இன்ச் நேர்கோடு போட்டு, இரு முனையிலும் நடுவிலும் புள்ளி வைத்து, அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு துளை போடுங்கள். மூன்று கொக்கியும் ஒரே மட்டத்தில் வரும்.
3. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ துளை போடாதீர்கள். உள்ளே ஒயர் போகும் பாதை பெரும்பாலும் அதுதான். துளையிடும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.
4. துளையில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகு கொக்கியைப் பொருத்துங்கள். காரைச் சுவரில் வெறும் ஆணி நாளடைவில் ஆடிவிடும்.
5. பின்பக்கம் கீழ் மூலைகளில் மூலைக்கொரு பாட்டில் மூடியைத் தைத்து வையுங்கள். சுவருக்கும் துணிக்கும் இடையே காற்று போகும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது.

வெயில் நேராக விழும் சுவரும், இஸ்திரி மேஜைக்கு ஒட்டிய சுவரும் வேண்டாம். வாடகை வீட்டில் துளை போட முடியாதென்றால், ஜன்னல் கம்பியிலோ பீரோவின் பக்கவாட்டிலோ கயிறு கட்டித் தொங்கவிடலாம்.

ஏதாவது தவறினால்

- *ஊசி அடிக்கடி உடைகிறது:* துணியைப் பின்னாலிருந்து இழுக்கிறீர்கள். மெஷின் இழுக்கும் வேகத்துக்கு விடுங்கள். உடைந்த ஊசியின் இரண்டு துண்டும் கிடைக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.
- *தையல் விட்டுவிட்டு விழுகிறது:* ஊசி மழுங்கியிருக்கும். புதிது போடுங்கள்.
- *பை வாய் தொங்குகிறது:* மெல்லிய எலாஸ்டிக்கை வாய்த் தையலுக்கு உள்ளே கோத்து இழுத்துத் தையுங்கள்.
- *ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது:* எடை ஒரு பக்கம் குவிந்திருக்கிறது. கத்தரிக்கு எதிர்ப்பக்கம் நூல்கண்டுகளை வையுங்கள்.

கைக்கும் கண்ணுக்கும் காவல்

- ஊசியில் நூல் கோக்கும்போது மிதியிலிருந்து காலை எடுங்கள். மோட்டார் இருந்தால் ஸ்விட்சை அணையுங்கள்.
- தொடங்கும் முன் ஊக்கையும் குண்டூசியையும் எண்ணி, முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் துணியை நீவித் தேடுங்கள்.
- இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைப்பது போதாது. எழுந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள்.
- மெஷின் எண்ணெய் பாட்டிலைப் பையில் வைக்காதீர்கள். ஒரு சொட்டு போதும், கறை கட்டம் வரை ஏறும்.

தினமும் ஒரு பார்வை

மாதம் ஒருமுறை பைகளைக் காலி செய்து உதறுங்கள். அழுக்கானால் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கையால் அலசி, கம்பியில் விரித்துக் காயவையுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். வேலை முடிந்து மெஷினுக்கு உறை போடும் முன் நிமிர்ந்து சுவரைப் பாருங்கள். 15 பைகளில் எது காலியோ, அந்தப் பொருள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். ஊசிப் பாக்கெட்டின் இடம் காலி என்றால் விளக்கைப் போட்டுத் தரையைப் பாருங்கள், வெறுங்காலோடு யாரும் நடக்கும் முன். கத்தரிக்கோலின் இடம் காலி என்றால் கவலை வேண்டாம். சமையலறையில், பால் பாக்கெட் பக்கத்தில் இருக்கும்.